ஆறாம் அளவு வெள்ளை ஷூ

என் வாழ்நாளில் நான் செய்த முட்டாள்தனங்களில் பெரியது எது என்று யாராவது கேட்டால் அளவோடு சொல்ல முடியும்: ஆறு. பெண்கள் அளவு, வெள்ளை நிறம், நாடா வைத்தது. நாற்பத்தாறு வயதில், யாரும் கேட்காமல், பதினோரு பெண்களுக்கு ஒரே நாளில் ஷூ வாங்கிக் கொடுத்தவன் நான். மற்ற பத்துப் பேரின் அளவு மறந்துவிட்டது. இந்த ஆறு மட்டும் மறக்கவில்லை. அந்த ஜோடியை ஒருநாள் நானே கையில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கியிருக்கிறேன்.

வாங்கிய அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அவங்கள்ல யாராவது ஷூ வேணும்னு கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டுக் குடுத்தா அது உதவி. கேக்காமக் குடுத்தாதான் நிர்வாகம்."

அப்போதெல்லாம் வாயைத் திறந்தால் இப்படிப்பட்ட வாக்கியங்கள்தான் வரும். அவள் ரசம் ஊற்றினாள்.

கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாற்பது அறைகள் கொண்ட ஒரு விடுதிக்கு நான் மேலாளராகச் சேர்ந்திருந்த நேரம். அதற்கு முன் இருபது வருஷம் மருந்து விற்றேன். மனிதர்களை நடத்தும் கலையில் எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் புத்தகங்கள் நிறையப் படித்திருந்தேன். அனுபவம் இல்லாமல் புத்தகம் மட்டும் படித்தவனைப் போல ஆபத்தானவன் கிடையாது. நீச்சல் பற்றிப் படித்தவனாவது தான் மட்டும்தான் மூழ்குவான்.

சேர்ந்த மாதமே முதலாளி என்னைச் சென்னைக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார். தலைப்பு, 'பணியிடத்தில் ஒழுங்கும் ஊக்கமும்'. பயிற்சியாளர் பலகையில் ஒரு மாட்டுவண்டி வரைந்தார். ஒரு மாடு ஒழுங்கு, இன்னொரு மாடு ஊக்கம். இரண்டும் சேர்ந்து இழுத்தால்தான் வேலை நகரும் என்றார். நான் கையைத் தூக்கி, "வண்டிக்காரன் யாருங்க?" என்று கேட்டேன். "நீங்கதான் சார்!" என்றார். அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு வாரம் தாங்கியது. வண்டியில் உட்கார்ந்து வருவது யார் என்று கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்த ஆறாம் அளவு ஷூவுக்குரிய அம்மாவின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஒருவரைக் கேட்காமல் அவரைப் பற்றி எழுதுவது ஒரு தப்பு. பெயரையும் போடுவது இன்னொன்று. ஒன்று போதும். தவிர, அங்கே இருந்தவரை நானும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் பட்டியலில் அவர் எண் நான்கு. மனதுக்குள் 'அவள்' என்றுதான் வைத்திருந்தேன். 'அவர்' என்பது பின்னால் வந்தது, வெட்கத்தோடு சேர்ந்து.

அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களில் மூத்தவர். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. கன்னத்தின் ஒரு பக்கம் எப்போதும் ஒரு பாக்குத் துண்டு. கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான் என்று அவருடைய விண்ணப்பத்தாளில் எழுதியிருந்ததை நான் படித்திருக்கிறேன். படித்திருந்தேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

அவரை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது ஓர் இருட்டறையில். சொன்னால் தப்பாகத் தொனிக்கும். காலை பத்து மணிதான். ஓர் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே திரைச்சீலை இழுத்து மூடி, விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அந்த அம்மா வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். குதிகாலை வைத்து, பாதத்தை மெல்லப் பரப்பி, விரல்களை ஊன்றி, அடுத்த அடி. கட்டில் ஓரமாக, அலமாரி ஓரமாக, குளியலறை வாசல் வரை.

"என்னம்மா தொலைச்சுட்டீங்க?"

"நான் ஒண்ணும் தொலைக்கல சார். யாரு இன்னாத்த வுட்டுட்டுப் போனாங்கன்னு பாக்கறேன்."

"லைட்டைப் போட்டுப் பாருங்களேன்."

"லைட்டப் போட்டா கண்ணு முந்திரிக்கொட்ட மாதிரி முன்னால வந்துடும் சார். அதுக்கு இன்னா தெரியும்? அது மேலயே கீது."

சொல்லிக்கொண்டே நின்றார். இடது பாதத்தைத் தூக்கி, கட்டைவிரலுக்குக் கீழே ஒட்டியிருந்த எதையோ நகத்தால் எடுத்தார். ஸ்டேப்ளர் பின். இடுப்பிலிருந்து ஒரு சின்னத் தைல டப்பாவை எடுத்து அதற்குள் போட்டு மூடினார்.

"வர்றவங்க காலு அப்படி சார். ஒண்ணு பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோட நடக்கப் போற காலு. இல்லன்னா நடந்துட்டு வந்த காலு. ரோட்டுல குத்தலாம். நம்ம ரூம்ல குத்துச்சுன்னா?"

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஓர் அறைக்கு இந்த நடை ஐந்து நிமிடம் தின்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

விருந்தினர்களின் கால்மேல் இவ்வளவு அக்கறை இருந்ததே தவிர, அவர்களுடைய முகத்துக்கு அவர் மரியாதை காட்டியதாகச் சொல்ல முடியாது. ஒருவர் குளியலறைத் தரையில் தேங்காய் உடைத்திருந்தார். ஓட்டுச் சில்லுகள் சோப்பு மாடம் வரை தெறித்திருந்தன. இந்த அம்மா துடைப்பத்தோடு வரவேற்பறைக்கே இறங்கி வந்து, அறையைக் காலி செய்துகொண்டிருந்த அந்த மனிதரிடம், "ஏங்க, சாமி மலை மேல கீறாரு. பாத்ரூம்லயா கீறாரு?" என்று கேட்டுவிட்டார். நான் ஓடிப்போய் அந்த அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பு என்பது எனக்கு அப்போது சுலபமாக வரும் சரக்கு. அடுத்தவர் சார்பில் என்றால் எத்தனை வேண்டுமானாலும் கேட்பேன்.

சென்னையிலிருந்து திரும்பியதும் இரண்டு மாடுகளையும் வண்டியில் பூட்டினேன்.

முதலில் ஒழுங்கு. வருகைப் பதிவேட்டை எடுத்துவிட்டுக் கைரேகை இயந்திரம் வைத்தேன். காலை ஆறு மணிக்கு எல்லோரும் வரிசையில் நின்று கட்டைவிரலை வைக்க வேண்டும். என் விரலை அது முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது; ரேகை தேயும்படி நான் எதையும் செய்ததில்லை. அந்த அம்மாவின் கட்டைவிரலோ ஆசிட்டிலும் பினாயிலிலும் இருபது வருஷம் ஊறி, கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. வைப்பார். இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்னும்.

"இரும்மா, இரு. இன்னா அவசரம்" என்று அதனிடம் சொல்லிவிட்டு மறுபடி வைப்பார்.

"தலைல தேய்ச்சுட்டு வை அக்கா" என்பார்கள் பின்னால் நிற்பவர்கள். தலையில் தேய்த்து, முந்தானையில் துடைத்து, ஊதி, வைத்து, ஒருவழியாக அது அவரை மனுஷி என்று ஒப்புக்கொள்ளும்போது ஆறு இருபது ஆகியிருக்கும். சுவரில் நான் ஒட்டியிருந்த அட்டவணையில் எண் நான்குக்கு நேராகத் தினமும் ஒரு சிவப்புப் புள்ளி.

"சார், நான் ஆறுக்கு முன்னாலயே வந்துட்டேன். நீங்களே பாத்தீங்க."

"நான் பாத்தது செல்லாதும்மா. மிஷின் பாக்கணும்."

"அதுக்கு எம்மேல இன்னா கோவமோ" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இயந்திரத்துக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பாரபட்சமின்மை என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

அடுத்து ஊக்கம். வரவேற்பறையில் 'இந்த மாத நட்சத்திரம்' என்று ஒரு பலகை. நேரந்தவறாமல் வருபவரின் புகைப்படம் அதில் ஏறும். சுற்றிலும் ஜிகினா மாலை. தொடர்ந்து மூன்று மாதம் லிஃப்ட் ஆபரேட்டர் குப்புசாமிதான் நட்சத்திரம். ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு விரலை வைப்பார். கடிகாரமே அவரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளலாம். விரலை வைத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு எட்டு மணிக்கு மேல்தான் லிஃப்டுக்கு வருவார் என்பது ரொம்ப நாள் கழித்து, அவரே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "நீங்க விரலைத்தான சார் கேட்டீங்க" என்றார், களங்கமில்லாமல்.

ஒருநாள் அந்தப் பலகையைக் காட்டி, "உங்க போட்டோவும் இங்க வரணும்னு ஆசையா இல்லையாம்மா?" என்று எண் நான்கைக் கேட்டேன். ஊக்குவிக்கிறேனாம்.

அவர் மாலைக்கு நடுவே இருந்த குப்புசாமியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உசுரோட கீற மனுசனுக்கு எதுக்கு சார் மாலை போட்டு மாட்டி வெச்சிருக்கீங்க?"

பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அன்றைய நாட்குறிப்பில் எழுதியது: 'எண் 4: எதிர்மறை மனநிலை.'

அந்த டப்பாவையும் நான் விட்டுவைக்கவில்லை. வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்க வேண்டும் என்பது பயிற்சிக் கையேட்டில் இருந்தது. எல்லோர் முன்னிலையிலும் அந்தத் தைல டப்பாவைத் திறக்கச் சொன்னேன். உள்ளே என்ன எதிர்பார்த்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. விருந்தினர்கள் மறந்துவிட்டுப் போன மூக்குத்தி, கம்மல் திருகாணி என்று என்னென்னவோ. மேசைமேல் கொட்டினார். வளையல் துண்டுகள், ஊக்கு முனை, சீப்பின் பல், ஸ்டேப்ளர் பின்கள், புடவைக் கரையில் ஒட்டிக்கொண்டு வந்த வேலமுள், தேங்காய் ஓட்டுச் சில்லு.

"என்னம்மா, பழைய இரும்புக் கடை வைக்கப் போறீங்களா?" என்றேன். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"ரூம்ல கெடந்தது சார்."

"குப்பையில போட வேண்டியதுதானே?"

"குப்பைல போட்டா நாளைக்கு அத்த அள்றவங்க கையக் கிழிக்காதா?"

ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். மேசையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். என் மேசைமேல் ஒரு முள்கூட இருக்கக் கூடாதாம். நான் அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இவருக்குத்தான் நான் ஷூ வாங்கிக் கொடுத்தேன்.

'சீரான உடை, சீரான மனம்' என்பது கையேட்டின் இருபத்திரண்டாம் பக்கம். சீருடை, ரப்பர் கையுறை, வெள்ளை ஷூ. மறுநாள் காலை அந்த அம்மா என் அறைக்கு வந்தார். ஷூவை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"சார், இத்த வராண்டால போட்டுக்கறேன். மாடிப்படில போட்டுக்கறேன். ரூமுக்குள்ள மட்டும் கழட்டிக்கட்டுமா?"

"ரூமுக்குள்ள போடறதுக்குத்தானே குடுத்திருக்கோம்?"

"காலு மூடிட்டா தரை தெரியாது சார்."

"எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா. உங்களுக்கு மட்டும் சலுகை குடுத்தா மத்தவங்க கேப்பாங்க."

"சலுகை கேக்கல சார். வேலையச் செய்ய வுடுங்கன்னு கேக்கறேன்."

இத்தனை எளிய வாக்கியத்தை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். புரிந்தது. ஆனால் கையேட்டின் இருபத்து மூன்றாம் பக்கத்தில், 'மாற்றத்துக்கு எதிர்ப்பு வரும். அசையாதீர்கள்' என்று இருந்தது. எதிர்ப்பு வந்துவிட்டது, ஆகவே நான் சரியான பாதையில் இருக்கிறேன்.

அவர் மீறினார். சண்டை போட்டு மீறவில்லை. ஒவ்வோர் அறை வாசலிலும் ஷூவைக் கழற்றி, கோயில் வாசலில் விடுவது போல ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனார். வராண்டா கேமராவில் பார்த்தேன். மூடிய கதவுக்கு வெளியே இரண்டு வெள்ளை ஷூக்கள். என் அதிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. இரண்டு மாடி ஏறினேன். அந்த ஷூக்களைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து வரவேற்பு மேசைமேல் வைத்தேன்.

கால் மணி நேரத்தில் அவர் வெறுங்காலோடு இறங்கி வந்தார். விருந்தினர்கள் நின்றிருந்தார்கள்.

"சார், ஷூவக் குடுங்க."

"நாளைக்குக் காலைல மீட்டிங்ல வாங்கிக்குங்க."

மறுநாள் காலை வரிசைக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, அங்கேயே போட்டுக்கொள்ளச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து போட்டார். நாடா கட்டத் தெரியவில்லை. மூன்று முறை முடிச்சு அவிழ்ந்தது. யாரும் குனிந்து உதவவில்லை. நான் நின்றுகொண்டிருந்ததால் யாருக்கும் தைரியம் வரவில்லை. நாலாவது முறை நின்றது. நான் கைதட்டினேன். ஆமாம். ஒழுங்கை நிலைநாட்டியாயிற்று, கையோடு ஊக்கமும் கொடுத்துவிடலாம் என்று, "எல்லாரும் கைதட்டுங்க" என்றேன். தட்டினார்கள். ரப்பர் கையுறை போட்டிருந்ததால் சத்தம் எழும்பவில்லை. அன்று அது எனக்குக் குறையாகப் பட்டது. இப்போது அந்தக் காலையை நினைத்தால் கிடைக்கிற ஆறுதல் அது ஒன்றுதான்.

அதன்பின் அவர் ஷூவைக் கழற்றவில்லை. இருட்டில் நடப்பதும் நின்றது. விளக்கைப் போட்டு, பார்த்து, துடைத்து, கதவுக்குப் பின்னால் தொங்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அறை. அறைகள் மளமளவென்று முடிந்தன. ஏறுமுகமாகக் கோடு போட்டு முதலாளிக்கு அறிக்கை அனுப்பினேன். "இதான்யா நிர்வாகம்" என்று ஃபோனில் சொன்னார். மாலைச் சோதனையில் அந்த டப்பாவைத் திறந்தால் காலியாக இருந்தது. அறைகள் சுத்தமாகிவிட்டன என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பௌர்ணமியன்று இருநூற்றேழில் ஓர் அம்மாள் தங்கினார். பண்ருட்டிப் பக்கம். விபத்தில் பிழைத்த மகனுக்காகப் பன்னிரண்டு பௌர்ணமி விடாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றுவதாக வேண்டுதல். இது பன்னிரண்டாவது. மகனும் கூட வந்திருந்தார். சாயந்தரம் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். மூன்றரைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்து கட்டிலோரம் ஓர் அடி வைத்தார். முந்தைய நாள் அந்த அறையில் ஒரு கல்யாணக் கூட்டம் தங்கியிருந்தது.

சத்தம் கேட்டு நான் போனபோது எண் நான்கு எனக்கு முன்னால் அங்கே இருந்தார். தரையில் உட்கார்ந்து அந்த அம்மாளின் பாதத்தை மடியில் வைத்து, கொண்டை ஊசியால் மெல்ல நெம்பிக்கொண்டிருந்தார். குதிகாலிலிருந்து வந்த துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பச்ச வளையலு" என்றார், யாரிடமும் என்றில்லாமல். பிறகு தன் ஷூவைப் பார்த்தார். அதன் வெள்ளையில் சிவப்பு சொட்டியிருந்தது.

"அம்மா, ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஊசி போட்டுடலாம். அப்புறம் ஆட்டோவுல சுத்தி வந்துடலாம், விடுதி ஏற்பாடு" என்றேன் நான்.

"ஆட்டோல வரேன்னா தம்பி வேண்டிக்கினேன்?" என்றார் அந்த அம்மாள். கோபமாகக்கூட இல்லை. சந்தேகம் கேட்பது போல.

மறுநாள் காலைக்குள் மகன் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார், ரத்தத்தின் படத்தோடு. முதலாளி கூப்பிட்டார்.

"யார்யா அந்த ரூம் பண்ணது?"

"எண் நாலு சார்."

"தினம் லேட்டுன்னு லிஸ்ட் அனுப்புவியே, அதா?"

அந்த நொடியில் நான் சொல்லியிருக்கக்கூடிய எத்தனையோ வாக்கியங்கள் உண்டு. சொன்னது, "ஆமா சார்."

"எழுதி வாங்கிட்டு அனுப்பிடு."

ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னேன். நின்றபடியே எழுதினார். பெரிய பெரிய எழுத்தில் ஒரே வரி.

'அன்று நான் ஷூ போட்டிருந்தேன்.'

கீழே கையெழுத்து.

அந்தத் தாளை நெடுநேரம் வெறித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். இரண்டு நிமிடம்கூட இல்லை. படித்த உடனே முழுவதும் புரிந்துவிட்டது. அந்த வரியை அப்படியே முதலாளிக்கு அனுப்பினால் அவருடைய அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பதும் புரிந்துவிட்டது: 'ஷூ யார்யா வாங்குனது?' நான் பேனாவை எடுத்து, அந்த வரிக்குக் கீழே, 'விளக்கம் திருப்தியளிக்கவில்லை' என்று எழுதி, தேதி போட்டேன். நல்ல கையெழுத்து என்னுடையது.

அவர் ஷூவைத் துடைத்து, நாடாவை உள்ளே மடக்கி, வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். பெட்டிமேல் அந்தத் தைல டப்பா. அன்று அது காலியாக இல்லை; ஆடியது.

"அந்த ரூமத் திரும்ப நடந்து பாத்தேன் சார். இன்னும் நாலு துண்டு கெடந்துச்சு. எங்கயாவது பள்ளம் தோண்டிப் பொதைச்சுடுங்க. குப்பைல மட்டும் போட்டுடாதீங்க."

அவ்வளவுதான். வேலை போன அன்றும் அந்த அறையை நடந்து பார்த்துவிட்டுத்தான் போனார். யாரும் கேட்காத வேலை. அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது.

அந்த டப்பா இப்போதும் என்னிடம் இருக்கிறது. வேங்கிக்காலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் பள்ளம் தோண்ட மண் இல்லை, எங்கும் டைல்ஸ். இதுவும் ஒரு சாக்குத்தான். மலையைச் சுற்றி இவ்வளவு மண் இருக்கிறது.

ஒன்றரை வருஷம் கழித்து முதலாளி தன் மைத்துனர் மகனை மேலாளராக்கினார். என்னிடமும் ஒரு விளக்கம் கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதினேன், மேற்கோள்களோடு. அதுவும் திருப்தியளிக்கவில்லை.

போன மாதம் பஸ் நிலையத்தில் குப்புசாமியைப் பார்த்தேன். தூக்கக் கதையை அவர் சொன்னது அப்போதுதான். "நம்ம அக்கா இப்ப அடி அண்ணாமலை பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல கீது சார். மேஸ்திரி மாதிரி. அது சொன்னாத்தான் அங்க பந்திப் பாயே விரிப்பாங்க" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, தலையை வாரிக்கொண்டு கிளம்பினேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி, பஸ்ஸில் இரண்டு முறை திருத்தினேன். 'தார்மீகப் பொறுப்பு' என்று ஒரு சொல் இருந்தது. வேங்கிக்கால் தாண்டுவதற்குள் அதை அடித்தேன்.

மண்டபத்தில் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. சாப்பாட்டுக் கூடம் நீளமாக, ஈரமாகக் கிடந்தது. கடைசியில், ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அந்த அம்மா நடந்துகொண்டிருந்தார். குதிகால், பாதம், விரல். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"யாரு... ஷூ சாரா?"

விடுதியில் எனக்கு வைத்திருந்த பெயர் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"கீறேன் சார். நீங்கதான் எளச்சுட்டீங்க. சுகரா?"

பையிலிருந்த தாளை எடுக்கவில்லை. "அன்னைக்கு அந்த அம்மா கால்ல குத்தினது உங்க தப்பு இல்லம்மா. என் தப்பு. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும்தான் எழுதினேன்."

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்னு தெரியும். பேப்பரப் படிச்சுட்டுத் தலையே தூக்கலயே நீங்க."

"அப்ப ஏம்மா ஒரு வார்த்தைகூடக் கேக்கல?"

"அதான் எழுதிக் குடுத்தேனே." பாக்கை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "அது கெடக்கட்டும் சார். அந்தம்மா அப்பறம் வந்து சுத்தி முடிச்சுதா?"

எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் அந்த அம்மாளின் ஃபோன் எண் இருந்தது. ஒன்றரை வருஷம் அந்தப் பதிவேடு என் மேசையில்தான் கிடந்தது. கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. என் தப்பைப் பற்றி நினைக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. அந்தக் காலைப் பற்றி நினைக்க மிச்சம் இல்லை.

"விசாரிக்கலம்மா."

"விசாரிக்கலயா." அவ்வளவுதான் சொன்னார். முகத்தில் கோபம் தேடினேன். கிடைத்திருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கீழே, நான் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாளியையும் துடைப்பானையும் எடுத்துக்கொண்டு, "செரி சார், நான் பாக்கறேன். சாயந்தரம் பந்தி கீது" என்றார்.

வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த வழி முழுவதையும் அவர் முதலிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. கைதட்டியதையும் சொன்னேன், அது அவளுக்கு இதுவரை தெரியாது. மூன்று வருஷம் கழித்தாவது போய்ச் சொன்னீர்களே என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

அவள் கேட்டு முடித்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே நான் கழற்றிப் போட்டிருந்ததை, அதன் ஓரத்தில் இன்னும் காயாத ஈரத்தை.

"மன்னிப்புக் கேக்கவும் ஷூ போட்டுக்கிட்டுத்தான் போனீங்களா?" என்றாள்.